போதை நோயும் மருந்தும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே கள்ளுண்ணாமையை 93 ஆம் அதிகாரமாக வகுத்து, அதன்பின் சூதினையும், அதனை அடுத்து 95 ஆம் அதிகாரமாக மருந்தினையும் வைத்துள்ளார். மாணவர்க்குத் தமிழ்ப்பாடம் சொல்லுங்கால் இவ்வைப்புமுறை நம் கருத்தைப் பன்முறை ஈர்த்ததுண்டு. கள்ளுண்பானைக் கடிந்துரைத்ததோடு நூல் நின்றுவிடவில்லை. நோய் இன்னதென்று தேர்ந்து, அது வந்த காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழி காண்க என்னும் அதிகாரம் பின்னே வருகின்றது. அவ்வதிகாரத்தின் முடிவிலே, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நால்வகைப் பகுதியாக்கிக் கூறுகின்றார் ஆசிரியர். நம் ஊர்களிலே போதைக்கு ஆளானவரைப் பற்றிய பேச்செல்லாம் முதலில் கூறிய அதிகாரத்தோடு முடிந்துவிடுகின்றது. கடிதல் உண்டு, மருந்து இல்லை. மருந்தும் உண்டு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் மருத்துவக் கல்வி கற்றோமல்லோம், பயிற்றப்பட்ட தமிழாசிரியரே. ஆயினும், படுவான்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் எவரும் இப்பொருளினின்றும் விலகி நிற்றல் இயலாது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஈச்சந்தீவு, கன்னங்குடா, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று செல்லும் வழியெங்கும், கசிப்பினால் நிலைகுலைந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றார்கள். இப்பொழுது கசிப்போடு கஞ்சா, ஹெரோயின், ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமின் ஆகியனவும் சேர்ந்துள்ளன. இவற்றுள் எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை, மருந்து செய்வது யாது, செய்யாதது யாது என்பவற்றைப் பழைய மாணவரும் இளைய மாணவரும் தெளிந்திருத்தல் நன்று.

அபினின் வழிவந்தவை

ஹெரோயின் புதியதொரு பொருளன்று. கசகசாச் செடியின் காயைக் கீறிப் பெறும் பாலே அபின். அதனினின்றும் மோர்பினைப் பிரித்தெடுத்தவர் சேர்ட்டூனர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். காலம் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மோர்பினிலிருந்து ஹெரோயினை முதன்முதல் ஆக்கியவர் இலண்டனில் இருந்த ஆல்டர் ரைட் என்னும் இரசாயன அறிஞர், ஆண்டு 1874. அதனை 1898 ஆம் ஆண்டில் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. பழக்கத்தை உண்டாக்காத மருந்து என அன்று நம்பப்பட்ட அது பின்னர் விளைத்த கேட்டை உலகறியும். ஆகலின், போதைக்கு மருந்து என்று ஒன்றை யாரேனும் கூறின், அதனை ஆராயாது ஏற்றல் தகாது என்பதற்கும் இவ்வரலாறே சான்றாகும்.

நம் நாட்டிலும் அபின் பழக்கம் பழையதே. ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற அபின் கடைகள் இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களின் எதிர்ப்பு வலுக்கவே, 1910 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கடைகள் ஒழிந்தன. ஆனால், அபினுக்கு முன்பே பழகியிருந்தோரை அரசாங்கம் திடீரெனக் கைவிடவில்லை. அவர்களைப் பதிவு செய்து அளவோடு வழங்கும் முறை ஏற்பட்டது. நாட்டு வைத்தியருக்கும் மருந்தின் பொருட்டு அபின் பெற இடமளிக்கப்பட்டது. பழகியவருக்கு ஓர் ஒழுங்கின்கீழ் அளந்து கொடுத்தல் என்னும் எண்ணம் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று என்பது இதனாற் புலனாகும்.

நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929 இல் பிறந்தது. 1980 ஆம் ஆண்டை அடுத்து ஹெரோயின் இலங்கையில் பரவத் தொடங்கியபோது, 1984 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டிலேதான் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் சட்டத்தால் அமைந்தது. தண்டிக்கும் கையும் தடுத்துக் காக்கும் கையும் ஓராண்டிலேயே நீண்டன எனலாம். ஆனால் இவ்விரண்டினுள் எது மிக நீண்டது என்பதைச் சிறைச்சாலைகளின் நெரிசல் கூறும்.

பழக்கம் நோயாவது எங்ஙனம்

மூளையிலே வலியைத் தணிப்பதற்கும் இன்ப உணர்ச்சியை எழுப்புவதற்கும் இயற்கையாகச் சுரக்கும் பொருள்கள் உள. அவை சென்று பொருந்துவதற்குரிய வாங்கிகளும் உள. ஹெரோயின் அவ்வாங்கிகளை வலிதிற் பற்றிக்கொள்கின்றது. நாள்தோறும் இவ்வாறு நிகழவே, மூளை தன் ஒழுங்கை மாற்றிக்கொள்கின்றது. முன்பு போதிய அளவு பின்பு போதாதாகின்றது. நிறுத்தினால் எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துள் கொட்டாவி, மூக்கு நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப் பிடிப்பு, பேதி, உறக்கமின்மை என வருத்தங்கள் வரிசையாக வருகின்றன. இரண்டு மூன்றாம் நாளில் அவை உச்சமடைந்து, ஒரு கிழமையளவிலே தணிகின்றன.

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு கிழமை கழிந்ததும் ‘பிள்ளை தேறிவிட்டான்’ என்று பெற்றோர் மகிழ்கின்றனர். உடலின் வருத்தம் தணிந்தது மெய்யே. ஆனால் மூளையில் நிகழ்ந்த மாற்றம் மாதக்கணக்காக, சிலபோது ஆண்டுக்கணக்காக, நீடிக்கின்றது. பழைய நண்பன், பழைய தெரு, மனக்கவலை என இவற்றுள் ஒன்று போதும், வேட்கை மீண்டும் எழுவதற்கு. இவ்விடத்தே பேராபத்து ஒன்றும் உண்டு. போதையை விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. அதனை உணராது பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கி உயிர் போகும். சிறையினின்றும் புனர்வாழ்வு நிலையத்தினின்றும் வெளிவந்த முதற் சில கிழமைகளே இவர்க்கு மிகக் கொடிய காலம் என்று பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. அடைத்து வைத்தலே சிகிச்சை என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மெதடோனும் பியூப்ரினோர்பினும்

மெதடோன், இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜெர்மனியில் வலி மருந்தாக ஆக்கப்பட்டது. அதனை ஹெரோயின் நோய்க்குரிய மருந்தாக்கியோர் நியூயோர்க்கிலே டாக்டர் வின்சென்ற் டோல், டாக்டர் மேரி நைஸ்வாண்டர் ஆகியோராவர். அவர்கள் 1964 இல் பணியைத் தொடங்கி, 22 நோயாளரைப் பற்றிய அறிக்கையை 1965 இல் வெளியிட்டனர். மெதடோனும் ஹெரோயின் பற்றும் அதே வாங்கிகளையே பற்றுகின்றது. அவ்வாறாயின் வேற்றுமை யாது? ஹெரோயின் விரைந்து ஏறி விரைந்து இறங்குகின்றது. ஒரே நாளிற் பன்முறை தேட வேண்டியுள்ளது. வாயால் அருந்தும் மெதடோனோ மெல்ல ஏறி ஒரு நாளுக்கு மேலும் நிற்கின்றது. அளவு சரியாக அமைந்தால் மயக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. தாதியின் முன்னிலையில் நாளுக்கொருமுறை அருந்திவிட்டுத் தொழிலுக்குப் போகலாம்.

பியூப்ரினோர்பின் 1966 இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது. அது வாங்கியை இறுகப் பற்றினும் முழுவதும் தூண்டுவதில்லை. ஆகவே அளவைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் அதன் வலி ஏறாது. மூச்சடங்கும் ஆபத்தும் குறைவு. இம்மருந்தை விழுங்குவதில்லை, நாவின் கீழ் வைத்துக் கரைத்தல் வேண்டும். ஹெரோயின் உடலில் நிறைந்திருக்கும்போது இதனைக் கொடுத்தால் வருத்தங்கள் ஒருங்கே மூளுமாதலின், வருத்தம் தொடங்கிய பின்னரே வைத்தியர் முதல் அளவைக் கொடுப்பர். இதனோடு நலொக்சோனைச் சேர்த்துச் செய்யும் குளிசையும் உண்டு. கரைத்து ஊசியில் ஏற்ற முயல்வோனுக்கு அச்சேர்க்கை வருத்தத்தையே தரும்.

1995 இல் பிரான்சு நாட்டிலே பொது வைத்தியர் எவரும் பியூப்ரினோர்பினை எழுதிக் கொடுக்கலாம் என்றாயிற்று. நான்கே ஆண்டுகளில் அங்கு மிகையளவால் நேர்ந்த மரணங்கள் ஐந்தில் நான்கு பங்களவு குறைந்தன. ஹொங்கொங் 1972 முதல் மெதடோன் நிலையங்களை நடத்தியுள்ளது. தமிழர் பலர் வாழும் மலேசியா 2005 இல் அவ்வழியைத் தொடங்கியது. இந்தியாவிலே பியூப்ரினோர்பின் 1990 களிலிருந்தும் மெதடோன் 2012 இலிருந்தும் சிகிச்சையில் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. பல நாட்டுத் தரவுகளை ஒருங்கு நோக்கி 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று, மெதடோன் பெறுங்காலத்தில் இறப்பு வீதம் ஆயிரவருக்கு ஆண்டொன்றுக்கு 11 அளவினது என்றும், சிகிச்சையை விட்ட காலத்தில் அது 36 அளவாகின்றது என்றும் காட்டியது.

மறுதலையான படிப்பினையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. சிங்கப்பூரிலே 2000 ஆம் ஆண்டளவில் பியூப்ரினோர்பின் வைத்தியர் வழியாகத் தாராளமாகக் கிடைத்தது. பலர் அதனைக் கரைத்து ஊசியால் ஏற்றலாயினர். 2006 ஓகஸ்டிலே அரசாங்கம் அதனைத் தடைசெய்யப்பட்ட பொருளாக்கியது. மருந்து ஒன்றே, பிரான்சில் உயிர் காத்தது, சிங்கப்பூரில் தீங்கிற்கு இடமாயிற்று. மேற்பார்வையும் ஒழுங்கும் மருந்தின் பகுதியே என்பது இதனால் விளங்கும்.

‘ஒரு போதையை நீக்கி மற்றொரு போதையைக் கொடுப்பதா?’ என்பது நம்மவர் வினவும் வினா. வினா நியாயமானதே. உன்னிச்சைக் குளத்து நீரைத் துருசினால் அளந்து வயலுக்கு விடுவதும், அக்குளமே கட்டுடைந்து பாய்வதும் நீர் என்ற அளவில் ஒன்றே. முன்னதால் வேளாண்மை விளைகின்றது. பின்னதால் ஊர் அழிகின்றது. அளவு, நேரம், கண்காணிப்பு என்பன அமைந்த மருந்தை உண்போன் களவாடுவதில்லை, ஊசியால் நோய் தேடுவதில்லை, பிள்ளையின் பாடசாலைக் காசைத் தொடுவதில்லை. நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து உண்போனை நாம் மருந்துக்கு அடிமை என்று கூறுவதில்லை அன்றோ?

வாங்கியை அடைத்து வைக்கும் நல்ரெக்சோன் என்னும் மருந்தும் உண்டு. அதனை உண்டவன் ஹெரோயின் எடுத்தாலும் போதை ஏறாது. ஆயினும் ஒரு கிழமை முதல் பத்து நாள்வரை முற்றாக விட்டிருந்த பின்னரே அதனைத் தொடங்கலாம். இடையில் நிறுத்துவோரும் மிகப் பலர். அதன் உறவினதாகிய நலொக்சோன், மிகையளவால் மூச்சடங்கிக் கிடப்பவனைச் சில நிமிடத்துள் மீட்கும் அவசர மருந்தாகும். அதன் ஆற்றல் ஒரு மணி அளவே நிற்குமாதலின், கண்விழித்தவனையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

மதுவுக்குரிய மருந்துகள்

படுவான்கரையிலே ஹெரோயினிலும் பெருங்கேடு விளைப்பது மதுவே. இங்கு முதலில் அறியவேண்டுவது ஒன்று. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்துதல் ஆபத்தாகலாம். கைநடுக்கம், வியர்வை, அச்சம் தோன்றி, இரண்டு நாளுள் வலிப்பும், அதன்பின் அறிவு தடுமாறிய பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். ஆகவே, ‘கோயிலிற் சத்தியம் பண்ணி இன்றோடு விட்டேன்’ என்னும் உறுதி போற்றத்தக்கதாயினும், அவ்வுறுதி பூண்ட நாளன்றே வைத்தியரையும் காணுதல் வேண்டும். டயசிப்பாம் போன்ற மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஏற்றியும் வைத்தியசாலையில் அந்நாட்களைக் கடத்துவிப்பர்.

அதன்பின் மீண்டும் குடியாதிருக்க உதவும் மருந்துகள் மூன்று. அவற்றுள் டைசல்பிராமின் வரலாறு சுவையானது. அது இறப்பரைப் பதப்படுத்தும் தொழிலிற் பயன்பட்ட இரசாயனம். அமெரிக்க இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் வைத்தியர், அங்கு வேலை செய்வோர் மதுவைத் தாங்காது வருந்துவதை 1937 இல் கண்டெழுதினார். பின்னர் டென்மார்க்கிலே ஹால்ட், யாக்கொப்சன் என்னும் இருவர், அதனைக் குடற்புழு மருந்தாகத் தம்மீதே சோதித்தபோது, மதுவருந்தியதும் தமக்கு நேர்ந்த வருத்தத்தால் அதன் இயல்பை உணர்ந்தனர். 1948 இல் அதனை வெளியிட்டனர். மது உடலில் முதலில் அசற்றல்டிகைட் என்னும் நஞ்சாகிப் பின்னரே தீங்கற்றதாக மாறுகின்றது. இரண்டாவது மாற்றத்தை டைசல்பிராம் தடுக்கின்றது. ஆகவே இம்மருந்தை உண்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் தலையிடியும் உண்டாகின்றன. அவ்வச்சமே அவனைக் காக்கும் வேலி.

அண்மையிலே தாய் ஒருவர் நம்மிடம், “சேர், மனிசனுக்குத் தெரியாம சோத்துக்க கலந்து குடுக்கிற குளிசை ஒண்டு இரிக்காம், குடுக்கலாமா?” என்று வினவினார். அவர் துயரை நாம் அறிவோம். ஆயினும், ‘வேண்டாம்’ என்றே விடையிறுத்தோம். அறியாது மருந்துண்டவன் வழக்கம்போல் நிறையக் குடிப்பான். இரத்த அழுத்தம் வீழ்ந்து, இருதய நோய் உடையவனாயின் மரணமும் நேரலாம். மருந்தின் வலி கடைசிக் குளிசைக்குப் பின்னும் இரண்டு கிழமைவரை நிற்கும். அறிந்து உடன்பட்டு, வைத்தியர் சோதித்த பின் உண்டால் மருந்து. ஒளித்துக் கொடுத்தால் அதுவே நஞ்சு. இதனைப் படிப்போர் தத்தம் ஊரிலே எடுத்துக்கூறின், ஓர் உயிரேனும் காக்கப்படும்.

மற்றைய இரண்டும் நல்ரெக்சோன், அக்கம்புரோசேற்று என்பன. முன்னது குடியால் எழும் இன்பத்தைக் குறைக்கின்றது. பின்னது விட்டபின் எழும் மனக்கொந்தளிப்பைத் தணிக்கின்றது. இவை குடித்தவனைத் தண்டிப்பன அல்ல. ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையை நோக்கி வைத்தியர் இவற்றுள் ஏற்றதைத் தேர்வர்.

‘ஐஸ்’, கஞ்சா ஆகியவற்றுக்கோ, மெதடோன்போல் நிலைபெற்ற மருந்து இன்னும் இல்லை. உறக்கமின்மைக்கும் மனப்பிறழ்வுக்கும் மருந்து உண்டு. வேட்கைக்கு ஆலோசனையும் விடாத பின்தொடர்தலுமே வழி. ‘எல்லாப் போதைக்கும் ஒரே மருந்து’ என விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழத்தல் கூடாது.

மாந்தீவு கூறும் பாடம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு உள்ளது. குட்டநோயாளரை ஊரினின்றும் பிரித்து வைத்த வைத்தியசாலை அங்கு இருந்ததை அறியாதார் நம்முள் இலர். அந்நோய்க்கு ஊரார் கண்ட மருந்து அக்காலத்தில் தண்ணீரே. அதாவது, நோயாளிக்கும் நமக்கும் இடையே கிடந்த வாவி நீர். 1982 இல் உலக சுகாதார நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983 முதல் அது இலங்கையில் வழங்கியது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டு, நோயாளர் தம் வீட்டிலிருந்தே குணமாயினர். குட்டநோய் கிருமியால் வருவது. மருந்தால் முற்றாக மாறுவது. போதை நோய் அத்தகையதன்று. அது நீரிழிவுபோல் நெடுங்காலம் பேணவேண்டியது. இவ்வேற்றுமையை மறவாது நோக்கினும், விலக்கி வைத்தலால் ஆகாதது மருந்தாலும் அணைத்தலாலும் ஆயிற்று என்பது இரண்டிற்கும் பொருந்தும்.

போதைக்கு ஆளானோரைத் தாமாகவோ நீதவான் கட்டளையாலோ சிகிச்சைக்கு அனுப்ப 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கின்றது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டிலே பெரியதொரு புனர்வாழ்வு நிலையம் உண்டு. 2022 இல் அங்கு மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் தப்பிச் சென்றதைப் பத்திரிகைகளில் யாவரும் படித்தோம். கட்டுப்பாட்டுச் சபை நெடுங்காலம் நடத்திவரும் தங்கு நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் உள. அவை யாவும் நம் கரையினின்றும் தொலைவானவை. எனினும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு வவுணதீவார்க்குப் பாலத்துக்கு அப்பால்தான் உள்ளது. சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கமும் ஆலோசனைக்கு உண்டு.

உடனிருந்து பேணுவோன்

சென்னையிலே திருமதி சாந்தி ரங்கநாதன், குடிநோயால் தம் கணவரை இழந்தபின், 1980 இல் ரி. ரி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையத்தை நிறுவினார். துயரைத் தம் வீட்டுக்குள் அடக்கிவிடாது பிறர்க்குப் பயன்படச் செய்த அவ்வம்மையார், நோயாளிக்கு மட்டுமன்றி மனைவி மக்களுக்கும் சிகிச்சையில் இடமளித்தார். மருந்தை நாள்தோறும் எடுப்பிப்போர் யார்? தவறினால் வெறுக்காது மீண்டும் அழைத்துச் செல்வோர் யார்? குடும்பத்தாரே. வள்ளுவர் கூறிய நான்காவது பகுதி இதுவேயாம்.

அப்பகுதி நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் உரியது. மருத்துவராயுள்ளோர் மாதமொருமுறை பாலத்தைக் கடந்து வந்து இவ்வூர்களிலே விளக்கம் கூறலாம். இம்மருந்துகள் நம் மாவட்ட வைத்தியசாலைகளில் ஒழுங்காகக் கிடைக்கவும் குரல் கொடுக்கலாம். வாகனம் உடையோர், கூலிவேலை செய்யும் ஒருவனைச் சிகிச்சை நாளன்று அழைத்துச் செல்லலாம். வயலுடையோர், சிகிச்சை பெற்று மீண்டவனுக்கு வேலை கொடுக்கலாம். வேலையற்று வீதியில் நிற்பவனுக்கு மருந்து நெடுநாள் உதவாது. ஆசிரியராகிய நாம், வகுப்பில் உறங்கிவிழும் மாணவனைத் தண்டிக்குமுன் அவன் வீட்டு இரவு எத்தகையது என்று தனியே அழைத்துக் கேட்டல் வேண்டும். போதைக்குப் பழகிய மாணவனைப் பாடசாலையினின்றும் விலக்குதல் எளிது. விலக்கியபின் அவனைத் தேடிப் பிடித்தல் அரிது. மாணவர்காள், நண்பன் ஒருவன் இதில் வீழ்ந்தானாயின், ஒளித்தல் நட்பாகாது; நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் கூறுதலே நட்பாம்.

கள்ளுண்ணாமையை நாம் தொடர்ந்து கற்பிப்போம், அதில் மாற்றமில்லை. அவ்வதிகாரத்தைத் தவறவிட்டவனுக்காக இரண்டு அதிகாரம் தள்ளி மருந்தும் உண்டென்பதை அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் எடுத்துரைத்து, வைத்தியசாலை வாயில்வரை உடன்செல்லுதல் நம் அனைவரதும் கடனாகும்.